பேர் தெரியாத சாமந்தி

முந்தின நாள் பிளேடு வைத்துச் சுரண்டி எடுத்த அதே இடத்தில், அது மறுபடியும் உட்கார்ந்திருந்தது.

லோகநாதன் கண்ணாடித் தொட்டியில் மூக்கு இடிக்கக் குனிந்து பார்த்தான். மத்தியானக் கரண்ட் கட். தொட்டியின் விளக்கு அணைந்து, காற்று மோட்டாரின் கொர்கொர் சத்தமும் நின்று, கூடத்தில் புழுக்கமும் அரை இருட்டும் பட்டு நூலின் பசை வாடையும் மட்டும் மிச்சமிருந்த அந்த நேரத்தில், பாறை இடுக்கிலிருந்து முந்தானைக் குஞ்சம் மாதிரி விரிந்து, அலையே இல்லாத தண்ணீரில் அது மெல்ல அசைந்துகொண்டிருந்தது. உடம்பு பழுப்பு. நுனியில் மட்டும் அரக்குச் சிவப்பு.

"சனியனே, எப்படித்தான் வந்த நீ?" என்றான்.

பின்னால் தறியில் அவன் மனைவி சசிகலாவின் கை நின்றது. "யார வையறீங்க?"

"உன்ன இல்ல. இத. நேத்துதான வழிச்சு எடுத்தேன்? நீயும் பாத்த இல்ல?"

"பாத்தேன். வந்துட்ச்சி. வுடுங்க, அது பாட்டுக்கு இருந்துட்டுப் போவுது." மறுபடி மிதிகட்டை இறங்கியது, நூலை ஊடே இழுத்துக்கொண்டு நாடா ஓடியது.

விடுவதா? அவனால் எப்படி விட முடியும்? ஆரணியில் பாதித் தறிகளுக்குப் பார்டர் டிசைன் வரைந்து, தறியில் மாட்டும் அட்டையில் அதைக் குத்திக் கொடுக்கிறவன் அவன். தெருக்கோடியில் ஒரு பெண் நடந்து போனால், இங்கிருந்தே அவள் கட்டியிருக்கும் சேலையின் கரையைப் பார்த்து, இது மல்லிமொக்கு, இது ருத்திராட்சம், இது யார் வீட்டுத் தறி என்று சொல்லிவிடுவான். அப்படிப்பட்ட கண்ணுக்கு, சொந்த வீட்டுத் தொட்டியில் உட்கார்ந்திருக்கும் ஒரு கட்டைவிரல் அளவு ஜந்துவின் பெயர் தெரியவில்லை. எரிச்சல் மண்டைக்கு ஏறியது.

அது கடல் சாமந்தி. அதுவரை தெரியும். பூ மாதிரி இருக்கும், ஆனால் பூ இல்லை, பிராணி. நடுவில் வாய், சுற்றிலும் கைகள். போன வருஷம் சென்னையில் டிசைன் கொடுக்கப் போன ஒரு ஜவுளிக்கடையின் வரவேற்பறையில் கடல்நீர்த் தொட்டியைப் பார்த்ததிலிருந்து அவனுக்குப் பித்துப் பிடித்துவிட்டது. கமண்டல நாகநதியிலேயே மணல் மட்டும் கிடக்கிற ஊரில் கடலைக் கொண்டுவந்து கூடத்தில் வைக்கிறேன் என்று ஒற்றைக்காலில் நின்றான். ஒவ்வொரு தடவை சென்னை போகும்போதும் கேன்களில் கடல்தண்ணீர் பிடித்து பஸ்ஸில் ஏற்றி, கண்டக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு வருவான். கொளத்தூரில் மீன் கடை வைத்திருக்கும் பச்சையப்பனிடம் ஆரஞ்சில் வெள்ளைப் பட்டை போட்ட ஜோடி மீனும், கடலுக்குள்ளிருந்து எடுத்த பாறை ஒன்றும் வாங்கினான். சாமந்தியை அவன் வாங்கவில்லை. பாறையோடு ஒளிந்து வந்த ஓசிக் கிராக்கி அது.

சாமந்தியில் மீனுக்கு வீடாக இருக்கும் நல்ல ஜாதி உண்டு. தொட்டியையே தின்று தீர்க்கும் களை ஜாதியும் உண்டு. இது எது? பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்து படம் படமாகத் தேடினான். காலையில் பார்த்தால் நுனியில் குமிழ் வைத்த ஜாதி போல் இருக்கும். போய் ஒப்பிட்டுத் திரும்பி வந்தால் கைகள் நீண்டு மெலிந்து வேறொன்றாக நிற்கும். சாயந்திரம் பாய் விரித்தாற்போல் தட்டையாகக் கிடக்கும். வரைந்து வைக்கலாமென்று டிசைன் தாளை எடுத்துக் கட்டம் கட்டமாக நிரப்பினால், நிமிர்ந்து பார்ப்பதற்குள் கைகளின் வரிசை மாறியிருக்கும். கிழித்துக் கிழித்துப் போட்டான். இதற்கிடையில் ஒரு நாள் ஜோடியில் ஒரு மீனைக் காணோம். அடுத்த வாரம் இன்னொன்றையும் காணோம். முள்ளைக்கூட அது மிச்சம் வைக்கவில்லை.

பச்சையப்பனுக்குப் போன் போட்டான்.

"நிறத்த வுடுங்க சார்," என்றார் பச்சையப்பன். கடையில் கூட்டம் போலிருக்கிறது, இரைச்சலாகக் கேட்டது. "நீங்க சேலைக்காரரு, நிறத்தையே புடிச்சிகினு தொங்கறீங்க. தீனிக்கு ஏத்தாப்ல நிறம் மாறும். அடியப் பாருங்க. பாறைல ஒட்டிகினு இருக்குது பாருங்க, அந்த அடித்தட்டு. மருமருவா இருக்குதா, வழுவழுன்னு இருக்குதா? அது தெரிஞ்சா ஒரே வார்த்தைல சொல்லிடுவேன்."

"அடிதான்யா தெரிய மாட்டேங்குது! ஓட்டைக்குள்ள வுட்டுகினு கீது. கைய வச்சா உள்ள போயிடுது, டார்ச் அடிச்சா உள்ள போயிடுது. நானும் ஒரு மாசமா இதோட மல்லுக்கட்டறேன்."

"அப்போ வெளிய வர வரைக்கும் காத்திருங்க."

காத்திருக்கிற ஜாதியா லோகநாதன்? பிளேடை எடுத்தான். அறுத்தான், சுரண்டினான், பிரஷ் போட்டுத் தேய்த்தான். வெறுங்கையால் பிசைந்து பிய்த்தான். கலங்கிப்போன தண்ணீரை வாளியில் மொண்டான்.

அந்தத் தண்ணீரைத்தான் தறிக்குழியில் ஊற்றினான்.

இதில் அவனைத் திட்டியும் பிரயோசனமில்லை; எந்த நெசவு வீட்டிலும் செய்கிற காரியம்தான். குழித்தறியில் நெய்கிறவள் தரையில் உட்கார்ந்து, காலைக் குழிக்குள் தொங்கவிட்டு, அங்கே இருக்கும் மிதிகட்டைகளை மிதிக்க வேண்டும். சித்திரை வெயிலில் காற்று காய்ந்தால் பாவு நூல் பட்பட்டென்று அறுந்து போகும். அதனால் குழியில் மணலைப் போட்டு நனைத்து வைப்பார்கள். அடியிலிருந்து ஈரம் ஏற ஏற நூல் இளகி நிற்கும். குழாயில் நல்ல தண்ணீரே அபூர்வமாக வருகிற வீட்டில், அவ்வளவு தூரத்திலிருந்து சுமந்து வந்த தண்ணீரைச் சாக்கடையில் கொட்ட அவனுக்கு மனசு வரவில்லை. உப்புத் தண்ணீர் லேசில் காயாது என்பதும் ஒரு லாபமாகப் பட்டது. தொட்டித் தண்ணீர் மாற்றும்போதெல்லாம், சுரண்டும்போதெல்லாம், அத்தனையும் குழிக்குப் போனது.

"உப்புத் தண்ணிய ஊத்தாதீங்க, காலு அரிக்குது," என்று சசிகலா முதலில் சொல்லத்தான் செய்தாள். கலசபாக்கத்தில் பிறந்தவள், கல்யாணத்துக்குப் பிறகுதான் தறியில் உட்கார்ந்தாள். அதனால் அவனுக்கு ஒரு இளக்காரம். "உங்க ஊர்ல ஏரித் தண்ணில நெல்லுதான போட்டீங்க, உனக்கு இன்னா தெரியும் தறியப் பத்தி?" என்று வாயை அடைத்துவிட்டான்.

பிறகு அவள் சொல்வதை நிறுத்திவிட்டாள். நூல் அறுவது நின்றுபோனது. "குழில ஜில்லுன்னு கீதுங்க," என்றாள் ஒரு நாள், சிரித்துக்கொண்டே. சாப்பாட்டுக்கு எழுந்திருக்க நேரமானது. அப்புறம் கூப்பிட்டால்தான் எழுந்தாள். அப்புறம் இரண்டு மூன்று தடவை கூப்பிட வேண்டியிருந்தது. அவன் கவனிக்கவில்லை. அவனுக்கு ஒரே கவலை, பாறை மேல் இருந்த சனியன்.

அன்றைக்கு மத்தியானம்தான், மோட்டார் சத்தம் நின்ற அந்த அமைதியில், அவன் தற்செயலாகத் திரும்பினான். சசிகலா தண்ணீர் குடிக்க எழுந்து, சேலையைச் சற்றே தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போய்க்கொண்டிருந்தாள். கணுக்காலைச் சுற்றி ஏதோ கறுப்பாக இருந்தது. கிட்டே கூப்பிட்டுப் பார்த்தான். ஊசியால் குத்தி வளையம் போட்டதுபோல் நுண்ணிய புள்ளிகள். ஒரு வளையத்துக்குள் இன்னொரு வளையம். இரண்டு காலிலும். நகத்தால் கிள்ளினான்.

"வலிக்குதா?"

"எங்க கிள்ளனீங்க?" என்று கேட்டாள் அவள்.

உடனே கூட்டிக்கொண்டு ஓடினான். டாக்டர் பாதத்தில் குண்டூசியால் குத்திப் பார்த்தார். சசிகலா சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டரின் முகம் மாறிவிட்டது. "என்ன கடிச்சதுன்னு சொல்லுங்க. பேர் தெரியாம எதுக்குன்னு மருந்து குடுக்கறது? பாதத்துல உணர்ச்சியே இல்ல. இது முட்டிக்கு மேல ஏறிச்சுன்னா காலைக் காப்பாத்த முடியாது. எங்கயாவது பூச்சி, புழு, எதுலயாவது கால வச்சாங்களா?"

லோகநாதன் குனிந்து பார்த்தான். சசிகலாவின் கால். அவ்வளவு நாள் அவன் வீம்புக்குத் தேடின அந்தப் பெயரில் இப்போது அவளுடைய இரண்டு காலும் தொங்கின.

வீட்டுக்கு வந்ததும் டார்ச்சை எடுத்துக்கொண்டு குழியின் ஓரத்தில் குப்புறப் படுத்தான். முகத்தில் வாடை மோதியது. கடல் பின்வாங்கிய பிறகு சேற்றில் எழும் வாடை. உப்பும் அழுகலும் கலந்தது. ஆரணியில், கூரை ஓட்டுக்குக் கீழே, அந்த வாடை. வெளிச்சத்தில் மிதிகட்டைகள் தெரிந்தன, அவற்றைக் கட்டிய கயிறுகள் தெரிந்தன, கறுத்த ஈர மணல் தெரிந்தது. மணல் முழுக்கச் சின்னச் சின்ன ஓட்டைகள். வெளிச்சம் படப் பட ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன.

டார்ச்சை அணைத்தான். கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துக் கிடந்தான். கீழே, ஈரத் துணியை மெல்ல உதறுவது போல ஏதோ. சட்டென்று விளக்கைப் போட்டான். மணல். ஓட்டைகள். மூடின. மறுபடி அணைத்தான், மறுபடி போட்டான். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அடியைக் காட்டிவிட்டால் போதும். காட்டவில்லை. கோபத்தில் கையை மணலுக்குள் விட்டு அள்ளினான். கைக்குள் ஒன்றுமில்லை, விரல்கள் மட்டும் ஒன்றோடொன்று ஒட்டின.

பச்சையப்பனுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் கொட்டினான். அறுத்தது, சுரண்டினது, ஊற்றினது.

"இப்ப இன்னா பண்றது, சொல்லுங்க."

"அறுத்தீங்களா சார்? அறுத்தா ஒவ்வொரு துண்டும் ஒண்ணாகும் சார். அத்தப் போயி... தெனமும் கால் வைக்கற குழிலயா?"

"அது இன்னா ஜாதின்னு மட்டும் சொல்லுய்யா! டாக்டர் கேக்கறாரு!"

"தெரியலயே சார். மண்ணுல வளர்ற ஜாதி ஒண்ணும் எனக்குத் தெரியாது. நீங்க மொதல்ல அவங்கள மேல ஏத்துங்க. கிளிஞ்சல் சுண்ணாம்பக் கரைச்சி குழி பூரா ஊத்துங்க. ஜல்தியா பண்ணுங்க. வெறுங்கையால எதயும் தொடாதீங்க."

சசிகலாவைக் கட்டிலில் உட்கார வைத்து, காலைப் போர்வையில் சுற்றினான். "நான் வர வரைக்கும் தறிகிட்டப் போகக் கூடாது. சத்தியம் பண்ணு."

"மேல வச்சா காலு எரியுதுங்க," என்றாள். குழந்தை கெஞ்சுவது போலக் கெஞ்சினாள். "குழில வச்சாத்தான் அடங்குது."

"சசி, சொன்னாக் கேளு. உன் காலு போயிடும்."

அவள் தலையாட்டினாள். அவள் கண் அவன் மேல் இல்லை, தறியைப் பார்த்தது.

சுண்ணாம்புக்கு அலைந்தான். சைக்கிளை மிதித்து ஒரு கடைக்குப் போனால் இல்லை, அடுத்ததில் பூட்டு, மூன்றாவது கடைக்காரன் வெள்ளையடிக்கிற பவுடரை எடுத்து நீட்டி, இதுவும் அதுவும் ஒன்றுதான் என்று வாதாடினான். பேஜார் பிடித்த ஊர் என்று லோகநாதன் வாய்விட்டுக் கத்தினான். கடைசியில் பூட்டின கடைக்காரனின் வீட்டைத் தேடிப்பிடித்து, தூங்கினவனை எழுப்பி, மூட்டையைக் கேரியரில் கட்டிக்கொண்டு தெருவில் திரும்பியபோது வெயில் இறங்கத் தொடங்கியிருந்தது. மறுபடி கரண்ட் இல்லை. பவர்லூம்கள் ஓய்ந்து, தெருவே சத்தம் செத்துக் கிடந்தது.

ஒரே ஒரு சத்தம் மட்டும் கேட்டது. டொக். டொக். மிதிகட்டை.

வாசலில் சின்னம்மாள் நின்றிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி, நாடாவுக்குள் போடுகிற தார்க்குழலில் நூல் சுற்றிக் கொடுப்பவள். தார்க்கூடை இடுப்பிலேயே இருந்தது, உள்ளே வைக்கவில்லை.

"அண்ணா, அண்ணி எவ்ளோ கூப்ட்டும் பதிலே பேச மாட்டேன்றாங்க. நெய்துகினே இருக்காங்க. உள்ள இன்னாண்ணா இப்டி நாறுது?"

"நீ வீட்டுக்குப் போ," என்றான். அவள் கூடையோடு போய்விட்டாள்.

உள்ளே நுழைந்தான். வாசல் வெளிச்சம் தறியின் பாதி வரைதான் வந்தது. அதற்கப்பால் இருட்டு. தொட்டியை முதலில் பார்த்தான், பழக்க தோஷம். பாறை காலியாக இருந்தது. சுரண்டின இடத்தில் வெறும் கல். எங்கேயும் இல்லை.

டொக். டொக்.

"சசி?"

கிட்டே போனான். அவள் நெய்த சேலையைச் சுற்றும் மரத்தின் மேல் கன்னத்தை வைத்துச் சாய்ந்திருந்தாள். கண் மூடியிருந்தது. இரண்டு கையும் மடியில் கிடந்தன. நாடா ஓரத்தில் சும்மா இருந்தது. நல்ல தூக்கத்தில் வருகிற மூச்சு.

மிதிகட்டை இறங்கியது. ஏறியது. பாவு நூல் பிளந்தது. மூடியது.

சுண்ணாம்பு மூட்டை அவன் கையிலிருந்து விழுந்தது. அவள் அக்குளில் கையைக் கொடுத்து இழுத்தான். வரவில்லை. தன் காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, பல்லைக் கடித்து, பலம் எல்லாவற்றையும் போட்டு இழுத்தான். கீழே ஏதோ நீண்டது. இன்னும் நீண்டது. சேற்றிலிருந்து கால் பிடுங்கும் சத்தம். இரண்டு பேரும் தரையில் விழுந்தார்கள்.

மிதிகட்டை நின்றது.

அவன் அழுதான். வெட்கமில்லாமல் ஓவென்று அழுதான். தடவித் தடவிப் பார்த்தான். கால் இருந்தது. இரண்டு காலும் இருந்தன. கணுக்கால், குதிகால், பாதம், விரல்கள், எல்லாம் முழுசாக இருந்தன. சில்லென்று இருந்தன, வழுவழுப்பாக இருந்தன, அவ்வளவுதான். "ஒண்ணும் ஆவல சசி, ஒண்ணும் ஆவல, நான் வந்துட்டேன்," என்று பிதற்றிக்கொண்டே இரண்டு பாதங்களையும் எடுத்து மடியில் வைத்து, சூடேறட்டுமென்று தேய்த்தான்.

அவள் விழித்துக்கொண்டாள். இருட்டில் அவள் சிரிப்பது தெரிந்தது.

"எவ்ளோ நாளாச்சி, நீங்க என் காலப் புடிச்சி வுட்டு," என்றாள். பிரியமாகச் சொன்னாள்.

"இரு, கடிவாய் எப்படி இருக்குதுன்னு பாக்கறேன்." சட்டைப் பையிலிருந்து டார்ச்சை எடுத்து அழுத்தினான்.

"அணைங்க. கூசுது."

"கண்ண மூடிக்கோ."

"கண்ணு இல்லீங்க."

வெளிச்சம் அவள் பாதத்தில் விழுந்தது. வேக வைத்த பட்டு மாதிரி வெள்ளை. நுனியில் மட்டும் அரக்குச் சிவப்பு. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கட்டைவிரல் உள்ளே போனது. மடங்கவில்லை. உள்ளே போனது. அடுத்த விரல். அடுத்தது. பாதத்தின் முனையில் தோல் சுருங்கி, இழுத்துக் கட்டின பைவாய் போல மூடிக்கொண்டது.

டார்ச் உருண்டது. அணைந்தது.

இருட்டு.

அவன் நகரவில்லை. மடியில் இருந்த பாரம் மெல்ல விரிந்தது. ஒரு விரல் வந்து அவன் உள்ளங்கையைத் தொட்டது. இன்னொன்று. இன்னொன்று. ஐந்தைத் தாண்டியும் வந்தன. அவன் விரல்களுக்கு இடையில் ஒவ்வொன்றாக நுழைந்தன. ஒட்டின. எறும்பு கடித்த மாதிரி ஒரு சுருக். அப்புறம் அதுவும் இல்லை. இழுத்தான். வரவில்லை. எதை இழுக்கிறோம் என்றே தெரியவில்லை. எரிச்சல் இல்லை. வலி இல்லை. குளுமை மட்டும்.

"ஜில்லுன்னு இருக்குது இல்ல?" என்றாள் சசிகலா.

கரண்ட் வந்தது. தெருவில் பவர்லூம்கள் ஒன்றாகக் கூச்சலிட்டு எழுந்தன. டியூப்லைட் விட்டு விட்டு மின்னிப் பிடித்து எரிந்தது. வெளிச்சம் பட்டதும் அவளுடைய கால்விரல்கள் உள்ளே போயின. அவனுடைய கைவிரல்களும் போயின.